ஹூக் போட்டும் கோடு ஸ்டைல் ஒழுங்காகவில்லையா?

கேள்வி: எங்கள் டீமில் எட்டுப் பேர், பைத்தான் ப்ராஜெக்ட். ரிவ்யூவில் பாதி கமென்ட் இடைவெளி, மேற்கோள்குறி பற்றியே வருகிறது. கமிட் செய்யும் முன் கோடைத் தானாகச் சரிபார்க்கும் ப்ரீ-கமிட் ஹூக் போட்டோம், பலருடைய மெஷினில் அது ஓடுவதே இல்லை. பழைய கோடு முழுவதையும் ஃபார்மேட் செய்தால் கிட் பிளேமில் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டுவது) எல்லா வரியும் ஒரே ஆள் பெயரில் வந்துவிடுமோ என்றும் பயம். என்ன செய்யலாம்?

பதில்: ஹூக் ஓடாததில் வியப்பில்லை. அது அவரவர் மெஷினில் டாட்-கிட் ஃபோல்டருக்குள் இருப்பது. ரெப்போவை க்ளோன் செய்தால் கூடவே வராது. இன்ஸ்டால் செய்தவரும் கமிட்டில் 'நோ-வெரிஃபை' சேர்த்துத் தாண்டிவிடலாம். ஹூக் இருக்கட்டும், வசதிக்கு. காவல் சிஐயில்தான், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வரில் தானாகச் சோதிக்கும் அமைப்பில்தான், இருக்க வேண்டும். அங்கே பைத்தான் கோடின் வடிவத்தைச் சீராக்கும் பிளாக் (Black) ஃபார்மேட்டரை 'செக்' ஆப்ஷனோடு ஓடவிடுங்கள். ஃபைலைத் தொடாது, மாற்ற வேண்டியது இருந்தால் ஃபெயில் ஆகும். மெயின் பிராஞ்சில் அந்தச் செக்கைக் கட்டாயமாக்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சிவப்பு காட்டும்போதே யாராவது மெர்ஜ் செய்துவிடுவார்.

விதிகளை முடிவு செய்ய மீட்டிங் வேண்டாம். வரிக்கு 88 எழுத்து உட்பட பிளாக்கின் இயல்பு அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, பரவாயில்லை. பயன்படாத வேரியபிள், இல்லாத பெயர் இதையெல்லாம் பிடிப்பது லின்டர் வேலை. அதைச் சில விதிகளோடு தனியாகத் தொடங்குங்கள்.

வெர்ஷனை மட்டும் பூட்டி வையுங்கள், ஹூக்கிலும் சிஐயிலும் ஒரே எண்ணாக. பிளாக்கின் ஸ்டைல் ஜனவரி வெளியீட்டில் மாறக்கூடும். பூட்டாவிட்டால் யாரும் கை வைக்காத ஃபைல்கள்கூட ஒரு நாள் காலையில் ஃபெயில் ஆகும்.

இனி பிளேம். ஃபார்மேட் மட்டுமே உள்ள ஒரு தனி கமிட் போடுங்கள், கையால் ஒரு திருத்தமும் அதில் வேண்டாம். அதன் முழு ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறி) ஒரு ஃபைலில் எழுதி, 'பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல்' செட்டிங்கில் அந்த ஃபைலைக் காட்டினால், பெரும்பாலான வரிகளுக்குப் பழைய ஆசிரியரே தெரிவார். 2019இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தால் ஹாஷ் மாறிவிடும் என்பதால், மெர்ஜ் ஆன பிறகே எழுதுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

பாதியில் நிற்கும் பிராஞ்சுகள்தான் உண்மையான தலைவலி. முடிந்தவற்றை முதலில் மெர்ஜ் செய்துவிடுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொன்றிலும், ஃபார்மேட் கமிட்டுக்குச் சற்று முந்தைய மெயினைக் கொண்டுவந்து மெர்ஜ் செய்து, அதே வெர்ஷன் பிளாக்கை ஓட்டி கமிட் போடுங்கள். அப்புறம் ஃபார்மேட் கமிட்டை, நம் பிராஞ்சில் உள்ளதையே அப்படியே வைத்துக்கொள்ளும் 'அவர்ஸ்' ஸ்ட்ராடஜியில் மெர்ஜ் செய்தால், ஃபார்மேட்டால் வரும் கான்ஃப்ளிக்ட் எதுவும் இருக்காது. 'அவர்ஸ்' அந்த ஒரு கமிட்டுக்கு மட்டும்தான்; அதற்குப் பிந்தைய மெயினை வழக்கம்போல மெர்ஜ் செய்யுங்கள், இல்லையென்றால் மற்றவர்களின் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.