பூல், ஸ்னூக்கர் மாதிரி ஆட்டத்துல சைடு அடிச்சா மிஸ் ஆகுது, மேட்ச்ல ஒரு ஷாட்டுக்கு 30 செகண்ட்னு க்ளாக் போட்டுட்டாங்க

சைடையும் (க்யூ பால்ங்கற வெள்ளைப் பந்தோட பக்கவாட்டுல அடிச்சு சுத்த விடறது) எய்மையும் நின்னுட்டே முடிவு பண்ணிட்டு அப்புறமா குனிங்க. ரைட் சைடு வச்சா பால் விழல, குனிஞ்சபடியே எய்மை மாத்தி மாத்திப் பார்த்து 30 செகண்ட் தாண்டிடுதுன்னு சொல்றீங்கல்ல, நேரம் போறதே அங்கதான். கீழ போன பிறகு சந்தேகம் வந்தா எழுந்துடுங்க, ஒரே ஒரு தடவை.

மிஸ்ஸுக்குக் காரணம் பெரும்பாலும் விலகல். வலது பக்கம் அடிச்சா க்யூ பால் லேசா இடது பக்கமாத்தான் கிளம்பும், வேகமா அடிச்சா அப்படியே போய்டும், மெதுவா அடிச்சு க்யூவோட (அடிக்கிற குச்சி) பின்பக்கம் தூக்கியிருந்தா வழியிலயே வலது பக்கம் வளைஞ்சு வரும், அதான் ஒரே ஷாட் ஒரு நாள் விழுது ஒரு நாள் விழல.

எதிர் குஷனை ஒட்டி ஒரு பந்து வைங்க. அதை நேரா குறி வச்சு, க்யூ பாலோட நடுவுலேர்ந்து ஒரு டிப் (க்யூ முனை) அகலம் வலது பக்கம் தள்ளி, க்யூவைச் சாய்க்காம, உங்க மேட்ச் வேகத்துல பத்து தடவை அடிங்க. க்யூ பால் எவ்வளவு இடது பக்கம் தள்ளிப் படுதோ அதான் உங்க க்யூவோட கணக்கு.

ஷாஃப்ட் (க்யூவோட முன்பகுதி) மாத்தினா இந்தக் கணக்கும் மாறிடும். அதோட, நடுவுல மேலயோ கீழயோ அடிச்சே பொசிஷன் (அடுத்த ஷாட்டுக்குத் தோதா க்யூ பால் நிக்கிறது) கிடைக்கும்னா சைடே வேண்டாங்க.