வேகமா, முறையா: தண்டாலில் எது முதலில்?

தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் அடங்கிய பயிற்சியில், 20 நிமிடங்களில் அதிகச் சுற்றுகள் முடிப்பதைவிடத் தண்டாலை முறையாக எடுப்பது ஏன் முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். மார்பு தரையைத் தொடும் அளவுக்கு இறங்கி, முழங்கை முழுவதும் நிமிரும்வரை எழுந்தால்தான் மார்பும் தோளும் பின்கைத் தசையும் முழு வீச்சில் உழைக்கும். அவசரத்தில் பாதியிலேயே திரும்புகிறவர் கூட்டுவது எண்ணிக்கையை மட்டுமே. பஸ்கியில் சிக்கல் இன்னும் அதிகம்: களைப்பு ஏறும்போது முழங்கால்கள் உட்புறம் சாயும், முதுகு வளையும், வேகம் அதைக் கவனிக்க விடாது. வடசென்னை வளர்த்த குத்துச்சண்டையிலும் கால் நிலை படிந்த பிறகே, அதுவும் பொறுமையாக, குத்தின் வேகத்தைக் கூட்ட வேண்டும். முறை குலைந்தால் உடனே நிறுத்தி மூச்சு வாங்குங்கள். தேவையானால் முழங்காலை ஊன்றித் தொடருங்கள், பாதித் தண்டாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.