இரண்டாம் உலகப்போர், கொரியப் போர் ஆகிய இரண்டிலும் பணியாற்றிய டாமி பிரின்ஸ் யார்?

டாமி பிரின்ஸ் 1915-இல் கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் ஒஜிப்வே பழங்குடியில் பிறந்தவர். 1940-இல் கனடியப் படையில் சேர்ந்த அவர், பின்னர் அமெரிக்கரும் கனடியரும் இணைந்த சிறப்புப் படைப்பிரிவுக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

அவரை நினைவில் நிறுத்தும் நிகழ்ச்சி 1944 பிப்ரவரியில், இத்தாலியின் லிட்டோரியா அருகே நடந்தது. எதிரிகளின் நிலைகளுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவிலிருந்த ஆளற்ற பண்ணைவீட்டில் தனித்திருந்து, தொலைபேசிக் கம்பிவழியாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தபோது, குண்டுவீச்சில் அந்தக் கம்பி அறுந்துபோனது. வீட்டில் கிடைத்த விவசாயியின் உடையை அணிந்து, களை கொத்துபவரைப்போல ஜெர்மானியர் கண்ணெதிரே வயலில் நடந்து, காலணியின் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து அறுந்த கம்பியை இணைத்துவிட்டார். இத்தனை நிதானம் வேட்டையாடி வளர்ந்தவருக்கே கைகூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்கு ராணுவப் பதக்கத்தையும், அமெரிக்காவின் சார்பில் வெள்ளி நட்சத்திரத்தையும் அணிவித்தார்.

அவர் நாடு திரும்பியபோது அவருடைய மக்களில் பெரும்பாலோருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமைகூட இல்லை. பதிவுபெற்ற பழங்குடியினர் அனைவருக்கும் நிபந்தனையின்றி அது கிடைத்தது 1960-இல்தான். 1947-இல் நாடாளுமன்றக் குழுவின்முன் தம் மக்களுக்காக வாதாடினார். 1950-இல் மீண்டும் படையில் சேர்ந்து கொரியா சென்றார். 1951 ஏப்ரலில் காப்யோங்கில் சீனப் படைகளைத் தடுத்து நின்ற கனடியப் படையணி அவருடையதே. முழங்கால் நோயுடன் திரும்பியவர், கடைசிக் காலத்தில் வறுமையால் பதக்கங்களையே விற்க நேர்ந்தது என்பதை வருத்தமின்றி எழுத இயலவில்லை. 1977-இல் வின்னிபெக்கில் காலமானார். குடும்பத்தினர் பின்னாளில் அப்பதக்கங்களை மீட்டனர்.