ஆய்வுக் கட்டுரையால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை முடித்த என் மகள், வளர்ப்புக் குடும்பங்களிலும் காப்பகங்களிலும் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொல்கிறாள். நேரில் உதவுவதை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதுவதால் அவர்களுக்கு என்ன கிடைத்துவிடும்?

பதில்: அலமாரியைத் தாண்டாத ஆய்வுகள் ஏராளம் என்பதால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனாலும் அமெரிக்கப் பேராசிரியர் மார்க் கோர்ட்னியின் பணியை உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அவர் தலைமையில், அயோவா, விஸ்கான்சின், இல்லினாய்ஸ் மாநிலங்களில் அரசின் பராமரிப்பில் இருந்த 732 பேரை ஓர் ஆய்வுக்குழு 17 வயதையொட்டிச் சந்தித்தது. பிறகு அதே பிள்ளைகளை 19, 21 என்று தொடங்கி 26 வயதுவரை மீண்டும் மீண்டும் தேடிப்போய்ப் பேட்டி கண்டது. இன்று நண்பன் வீட்டுக் கூடத்திலும் அடுத்த மாதம் வேறோர் ஊரிலும் படுத்துறங்கும் ஒருவரை, தொலைபேசி எண்ணும் மாறிவிட்ட நிலையில் கண்டுபிடிப்பது எளிதன்று. இருந்தும் கடைசிச் சுற்றில் ஐந்தில் நான்கு பேர் கிடைத்தார்கள். எனக்கு வியப்பளிப்பது முடிவுகளைவிட இந்தப் பிடிவாதம்தான்.

அக்காலத்தில் மற்ற இரு மாநிலங்களிலும் 18 வயதோடு பராமரிப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். இல்லினாய்ஸில் மட்டும் நீதிமன்றத்தின் அனுமதியுடன் 21 வரை தொடரலாம். அவ்வாறு தொடர்ந்தவர்கள் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. பராமரிப்பை 21 வயதுவரை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசின் நிதி கிடைக்க வழிசெய்த 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணியில் இந்தச் சான்றுகளுக்கு முக்கிய இடமுண்டு. ஒரு சமூகப்பணியாளர் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் இத்தனை பேரின் வாசலை எட்ட முடியாது.

அதற்காக ஆய்வு எல்லாவற்றையும் நல்ல செய்தியாகவே சொல்லிவிடவில்லை. கூடுதல் ஆண்டுகள் வீடின்றித் தவிக்கும் நிலையைத் தள்ளிப்போட்டனவே தவிர, அடியோடு தடுத்ததாகத் தெரியவில்லை என்பதையும் அதே குழுவினர் மறைக்காமல் எழுதினார்கள்.

கோர்ட்னியும் பேராசிரியராவதற்கு முன் இத்தகைய பிள்ளைகளுக்கான இல்லங்களில் வேலை பார்த்தவரே. உங்கள் மகளும் முதலில் ஓராண்டு ஒரு காப்பகத்தில் பணியாற்றட்டும். அம்மாவைப் பற்றிக் கேட்டதும் தலைகுனிந்து நகத்தைக் கடிக்கும் பிள்ளையிடம், வினாத்தாளை எப்போது மூடிவைக்க வேண்டும் என்பது அங்கேதான் பிடிபடும்.