கனடாவின் ஐந்து சத நாணயத்தில் பீவர் இருப்பது ஏன்? மரத்தைக் கடித்து வீழ்த்தி ஓடையில் அணை கட்டும் கொறித்துண்ணி ஒன்றுக்கு இவ்வளவு மரியாதையா?

இந்த நாட்டின் ஆரம்ப கால வணிகமே பீவர் தோலை நம்பித்தான் நடந்தது. அதனால்தான் 1851இல் வெளியான முதல் தபால்தலையில் பீவர். 1937 முதல் ஐந்து சத நாணயத்தில் பீவர். 1975இல் சட்டப்படி தேசியச் சின்னமும் அதுவே. ஆனால் அந்த மரியாதைக்கு முன் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

பீவரின் உள்மயிர் மிக மெல்லியது, அடர்த்தியானது. இழைகளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அதை அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பி மழையில் நனைந்தாலும் வடிவம் குலையாது. ஐரோப்பியச் சீமான்களுக்கு அதன்மேல் அப்படியொரு மோகம். தங்கள் ஆறுகளில் இருந்தவற்றைப் பெரும்பாலும் தீர்த்த பின் வட அமெரிக்காவின் பக்கம் திரும்பினார்கள். 1670இல் தொடங்கிய ஹட்சன் பே கம்பனி, தோலை வைத்தே கணக்கு எழுதியது. துப்பாக்கியானாலும் போர்வையானாலும் விலை இத்தனை தோல் என்றுதான். தொடக்கத்தில், பழங்குடி மக்கள் உடுத்துத் தேய்ந்த தோலாடைகளுக்கே கிராக்கி அதிகம். முரட்டு மேல்மயிர் ஏற்கெனவே உதிர்ந்திருக்கும் அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் பட்டுத் தொப்பி நாகரிகம் வந்திராவிட்டால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

பீவரோடு தண்ணீரும் போனது. பீவர் அணை கட்டினால் ஓடை வேகம் தணிந்து பக்கவாட்டில் பரவும், வண்டல் படியும், நிலத்தடி நீர் ஊறும், மீன்குஞ்சும் தவளையும் வாத்தும் வந்து சேரும். கவனிக்க ஆளில்லாத அணை சில வருடங்களில் உடைந்துவிடும். பிறகு ஓடை தன் படுகையையே அரித்துக்கொண்டு ஆழத்தில் ஓட, கரையோரம் காய்ந்துபோகும். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காட்டுத்தீக்களை ஆராய்ந்தவர்கள், பீவர் அணைகள் உள்ள ஓடைக்கரைகள் மற்றவற்றைவிடப் பசுமையாகத் தப்பியதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டிருக்கிறார்கள்.

நான் வசிக்கும், டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் பூங்காவில் பீவர் வெட்டிய மரத்தை அருகில் பார்த்திருக்கிறேன். சீவிய பென்சில் போல முனை கூர்ந்த அடிமரம். அதில் இரட்டைப் பல் தடங்கள் வரி வரியாக. சுற்றிலும் ஈரம் காயாத சிராய்கள். பற்கள் செம்மஞ்சள் நிறம். எனாமலில் இரும்பு கலந்திருப்பதால்தான் அந்த நிறமும் உறுதியும். வில்லோ போன்ற மரங்கள் அந்த அடிமரத்திலிருந்தே மறுபடி தளிர்த்துவிடும். எல்லா மண்ணிலும் இப்படி ஆகாது: 1946இல் தென் அமெரிக்காவின் தெற்கு முனையான தியரா டெல் ஃபியூகோவில் கொண்டுபோய் விட்ட பீவர்கள் பல்கிப் பெருகின, அங்குள்ள மரங்களுக்கு அப்படித் தளிர்க்கும் பழக்கம் இல்லாததால் காடே பட்டுப்போகிறது. குற்றம் அவற்றை அங்கே கொண்டுபோனவர்களுடையது.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். நாணயத்தில் பொறித்த அதே பிராணியை, சாலைக்கு அடியில் போகும் குழாயை அடைத்துவிட்டது என்று இன்றும் பொறி வைத்துக் கொல்கிறார்கள். கொன்றாலும் இடம் நன்றாக இருந்தால் அடுத்த குடும்பம் வந்துவிடும். நல்ல வழி இருக்கிறது. தண்ணீர் ஓடும் சத்தம்தான் பீவரை அணை கட்டத் தூண்டுகிறது. சுவீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் ஒலிபெருக்கியில் அந்தச் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது, வளர்ப்புப் பீவர்கள் அதன்மேலேயே குச்சிகளைக் குவித்தன. ஆகவே அணையின் ஊடாக ஒரு குழாயைச் செருகி, அதன் வாயைக் குளத்தின் நடுவே ஆழத்தில், கம்பிக் கூண்டுக்குள் வைத்தால் போதும். நீர் சத்தமின்றி வடியும், சாலையில் வெள்ளம் ஏறாது, பீவரும் அங்கேயே இருக்கும். உங்கள் பகுதியில் பொறி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், இந்தக் குழாய் முறையைக் கேட்டு நகரசபைக்கு எழுதுங்கள்.