புரதத்தின் வடிவத்தைப் படிப்பதால் இதய நோயாளிக்கு என்ன பயன்?

பயன் உண்டு. எங்கள் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

அல்சூர் வீட்டு மாடிப்படியை அப்பா பாதியில் நின்று நின்றுதான் ஏறுவார். பரிசோதித்ததில் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது. "அடைப்பே இல்லைன்னா ஏம்மா மூச்சு வாங்குது?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது இதே பெங்களூரில் புரத வடிவங்களை ஆராயும் ஆய்வகத்தில் இருக்கிறேன்.

இதயத் தசையை இழுத்துச் சுருக்குவது மயோசின் என்ற புரதம். ஒவ்வொரு மயோசினுக்கும் இரண்டு தலைகள். எல்லாத் தலைகளும் எப்போதும் இழுப்பதில்லை. பல தலைகள் தம் வாலின் மேலேயே மடிந்து ஓய்வெடுக்கும். மரபணுப் பிழையால் இந்த மடிப்பு தளர்ந்தால், ஓய்வில் இருக்கவேண்டிய தலைகளும் இழுக்கக் கிளம்பிவிடும். இதயம் அளவுக்கு மீறி இறுகும், சுவர் தடிக்கும், சரியாகத் தளராது. தளராத இதயத்தில் ரத்தம் எப்படி நிரம்பும்?

மாவகாம்டென் என்ற மருந்து மயோசினைப் பிடித்து, கூடுதல் தலைகளை ஓய்வுக்கு அனுப்புகிறது. ரத்தம் வெளியேறும் வழி அடைபடும் வகைத் தடிப்புக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளவு மிஞ்சினால் இதயத்தின் வலுவே குறையும், அதனால் அடிக்கடி எக்கோ பார்த்தே கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: 2023-ல் மனித இதயத்தின் மயோசின் இழையை உறைய வைத்துப் படமெடுத்தபோது, தலைகள் அசையாமல் இருக்க இதே மருந்தைத்தான் சேர்த்தார்கள்.

இப்படிக் கிடைக்கும் வடிவம் சரிதானா என்று பார்க்க, சென்னையில் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தைத்தான் உலகமே இன்றும் பயன்படுத்துகிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த ஆய்வு நமக்கு முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மயோசினோடு ஒட்டியிருக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம், இந்தியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009-ல் தெரியவந்தது. அந்தப் புரதம் இழையைப் பற்றிக்கொள்ளும் முனையே இதனால் மாறிவிடுகிறது. இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

அப்பாவுக்குத் தெரிந்ததுமே எனக்கும் அண்ணனுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார் டாக்டர். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தடிப்பு இருந்தால், பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எக்கோ எடுக்கவேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.