தென்னாப்பிரிக்காவில் இரண்டு பேர் அணியாக மவுண்டன் பைக் சீசன் முழுவதும் ஓட்ட எப்படித் தயாராவது?

கேட்டவர் ஜோகன்னஸ்பர்கில் வேலையில் இருப்பவர். நண்பருடன் அமெச்சூர் அணியாகப் பதிந்து, நவம்பரில் தொடங்கி மார்ச்சில் கேப் எபிக் என்ற எட்டு நாள் போட்டி, அதன் பிறகும் ஒன்றிரண்டு போட்டி என்று திட்டம். நண்பர் இவரைவிட நல்ல வேகம். எதில் பணம் போடுவது, எதில் உழைப்பைப் போடுவது என்பது கேள்வி.

இரண்டு பேர் அணியில் கணக்குக்கு வருவது பின்னால் வருபவரின் நேரம்தான். கேப் எபிக்கில் இருவரும் 2 நிமிட இடைவெளிக்குள் ஓட்ட வேண்டும், மீறினால் ஒரு மணி நேரம் தண்டமாகக் கூடும். வேகமான நண்பர் கார்பன் வீல் வாங்கினால் அணிக்கு ஒரு நொடிகூட மிச்சமாகாது. அந்தப் பணம் உங்கள் சைக்கிளுக்குப் போகட்டும். வேகமானவர் மாற வேண்டியது வேறு விதத்தில், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் நாள்காட்டி. நவம்பரில் வைன்ஸ் டு வேல்ஸ்: மூன்று நாள், சாமர்செட் வெஸ்ட் பக்கமிருந்து ஹெர்மானஸ் அருகே கடற்கரை வரை. ஜோடியாக ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஜனவரியில் அட்டாக்வாஸ்: ஔட்ஸ்ஹோர்னிலிருந்து கிரேட் பிராக் ரிவர் வரை ஒரே நாளில் 121 கி.மீ. பழைய மாட்டுவண்டிக் கணவாய் வழியாகக் கல்லும் வெயிலுமாகப் போகும். இதை ஜோடியாக ஓட்டாதீர்கள், அவரவர் வேகத்தில் தனித்தனியாக ஓட்டுங்கள். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு யார் எவ்வளவு சரிகிறார் என்று தெரிந்துவிடும். ஒரு மணி நேரப் பயிற்சியில் வேகமாகத் தெரிபவர் ஆறாவது மணியில் பின்தங்குவது சாதாரணம். மார்ச்சில் கேப் எபிக்: ஒரு புரோலாக் (முதல் நாள் குறுகிய ஓட்டம்), ஏழு ஸ்டேஜ், மொத்தம் எட்டு நாள், 600 கி.மீ.க்கு மேல், ஏற்றம் சுமார் 15,000 மீட்டர். மே மாதம் சானி டு சி: டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்து ஹிமவில்லில் தொடங்கி மூன்று நாளில் ஸ்காட்பர்க் கடற்கரை. எபிக்கின் களைப்பு தீராமலே இதை ஓட்டலாம், பாதை அவ்வளவு இதமானது. ஆகஸ்டில் டிரான்ஸ் பாவியான்ஸ்: 230 கி.மீ., ஒரே மூச்சில், 24 மணி நேரக் கெடு.

ஐந்தையும் முழு வேகத்தில் ஓட்ட நினைக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம் 8 முதல் 12 மணி நேரப் பயிற்சிதான் வாய்க்கும். அதைக் கொண்டு ஒரு வருடத்தில் ஒரு உச்சத்தைத்தான் கட்ட முடியும். அது மார்ச்.

பயிற்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இணையம் முழுக்க இதுதான் இருக்கிறது. மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்குங்கள். வார நாட்களில் இரண்டு கடின அமர்வு போதும்: ஒன்று 8 நிமிடம் வீதம் நான்கு முறை, இன்னொன்று 15 நிமிடம் வீதம் மூன்று முறை, கொஞ்சம் தாழ்ந்த அழுத்தத்தில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட ஓட்டம். சனிக்கிழமை எவ்வளவு ஓட்டினீர்கள் என்பதைவிட ஞாயிறு காலை கால் எப்படி இருக்கிறது என்பதுதான் எபிக்குக்கு முக்கியம். கடைசி 10 முதல் 14 நாள் நேரத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் சிறு கடின ஓட்டங்களை விட்டுவிடாதீர்கள்.

இப்போது வேக வித்தியாசம். ஏற்றத்தில் வேகமானவர் 20 மீட்டர் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இது அமெச்சூர் அணிகள் எல்லாவற்றிலும் நடக்கும், எல்லாவற்றிலும் கெடுதல்தான். பின்னால் வருபவர் அந்த இடைவெளியை மூட ஒவ்வொரு முறையும் தன் வரம்பைத் தாண்டுவார், நான்காவது நாள் உடைவார். வேகமானவர் ஏற்றத்தில் பின்னாலோ பக்கத்திலோ வரட்டும். முன்னால் போகவேண்டிய இடம் சமதளச் செம்மண் சாலை: அங்கே எதிர்க்காற்றை அவர் வாங்கிக்கொண்டு, நீங்கள் அவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் உங்கள் சக்தி கணிசமாக மிஞ்சும். கேப் பகுதியில் கோடையில் தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இது ஒன்றே நிறைய நேரம் மிச்சம் பிடிக்கும். இறக்கத்தில் யார் கைதேர்ந்தவரோ அவர் முன்னால், மற்றவர் அவர் எடுக்கும் கோட்டைப் பின்பற்றலாம். ஆனால் தூசி பறந்தால் இடைவெளி விடுங்கள், கல் தெரியாது.

வேகத்தை நிர்ணயிக்க ஒரே அளவுகோல் உங்கள் இதயத்துடிப்பு. நீங்கள் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள், நண்பர் அதற்கேற்ப ஓட்டட்டும். எடையையும் பிரியுங்கள்: கருவிகள், பம்ப், ட்யூப், உதிரி பாகங்கள் எல்லாம் வேகமானவர் முதுகில். உங்களிடம் தண்ணீரும் சாப்பாடும் ஒரு பஞ்சர் பிளக்கும் (டயர் ஓட்டையில் செருகும் ரப்பர்த் துண்டு) மட்டும். கையால் தள்ளிவிடுவது, ரப்பர் கயிற்றில் இழுப்பது பற்றி ஒவ்வொரு போட்டிக்கும் தனி விதி உண்டு. பதிந்ததும் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பலர் கண்டுகொள்ளாத விஷயம்: இரண்டு சைக்கிளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரே டயர் அளவு, ஒரே வகை பிரேக் பேடு, ஒரே செயின், ஒரே ஹேங்கர். கியர் மாற்றி தொங்கும் அந்தச் சிறு அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். கல்லில் பட்டால் முதலில் வளைவது அது. வளைந்ததைக் கவனிக்காமல் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் கியர் மாற்றி ஸ்போக்குக்குள் போய்ச் சக்கரத்தையே முடித்துவிடும். 2019இல் சைக்கிள் பாகக் கம்பெனி ஸ்ராம் கொண்டுவந்த யு.டி.எச். என்ற பொது அளவு ஹேங்கர் இப்போது பல கம்பெனி ஃபிரேம்களில் இருக்கிறது. இருவர் ஃபிரேமும் அதுவானால் ஒரு உதிரி ஹேங்கர் இருவருக்கும் போதும். இல்லையென்றால் இரண்டு தனித்தனி ஹேங்கர் சுமக்க வேண்டும், சிறிய ஊர்க் கடையில் அவை கிடைக்கவும் கிடைக்காது. அறுந்த செயினை இணைக்கும் குவிக் லிங்க்கும் அப்படித்தான்: ஸ்ராமின் ஃபிளாட்டாப் செயினுக்கு அதன் லிங்க்தான் பொருந்தும், சாதாரண 12 வேக லிங்க் உதவாது. பேட்டரி கியர் என்றால் இருவரும் ஒரே வகை. சார்ஜ் செய்த ஒரு உதிரி பேட்டரியும், ஷிஃப்டருக்கு ஒரு காசு பேட்டரியும் (ஸ்ராமானால் சி.ஆர். 2032) பையில் இருக்கட்டும். பிரேக் எண்ணெயில் மட்டும் கைவைக்கும் முன் யோசியுங்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் 5.1. மாற்றி ஊற்றினால் சீல் கெட்டு லீவர் தொய்ந்துவிடும்.

டயருக்கு வருவோம். அமெச்சூர் அணிகள் நேரத்தை இழப்பதில் பெரும்பங்கு இங்கேதான். கேப் பகுதியில் கூர்க்கல், கூடவே நம்மூர் நெருஞ்சி முள்ளும் உண்டு, அதே செடி. எடை குறைந்த ரேஸ் டயரை மறந்துவிட்டு, பக்கச்சுவர் வலுவான 29 x 2.35 அல்லது 2.4 அங்குல டயர் போடுங்கள். 200 கிராம் கூடும், பரவாயில்லை. 75 கிலோ ஆளுக்கு முன்னால் 20 பி.எஸ்.ஐ., பின்னால் 23 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒன்றொன்றாக ஏற்றுங்கள். பம்பில் இருக்கும் மானியை நம்பாதீர்கள், தனி டிஜிட்டல் மானி ஒன்று வாங்குங்கள். இருவரும் அதே மானியைப் பயன்படுத்துங்கள்.

டியூப்லெஸ் சீலண்ட், அதாவது ட்யூப் இல்லாத டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் லேடெக்ஸ் திரவம், ஒரு டயருக்கு 100 முதல் 120 மி.லி. டப்பாவில் போட்டிருக்கும் அளவு சில நேரம் இதைவிடக் குறைவு, முள் காட்டில் அது போதாது. வெயிலில் லேடெக்ஸ் இரண்டு மாதத்துக்குள்ளேயே உலர்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தளும்பும் சத்தம் வரவேண்டும். எபிக்கின் நடுவில், நான்காவது நாள் மாலை, 40 மி.லி. சேருங்கள். அப்போதே வால்வின் உள்பாகத்தைக் (கோர்) கழற்றிப் பாருங்கள். உலர்ந்த சீலண்ட் அடைத்திருந்தால் வழியில் காற்றே ஏறாது, பம்ப் கெட்டுவிட்டதென்று நினைத்து நேரம் போகும்.

காற்று சீறினால் செய்வது: நின்று, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி 20 நொடி வையுங்கள். சிறு ஓட்டை அதிலேயே அடைபடும். அடைபடாவிட்டால் பிளக் ஒன்றை நுழையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போனதும் கருவியைச் சட்டென்று இழுங்கள். பிறகுதான் காற்று. 29 அங்குல டயருக்கு 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சில நேரம் பற்றாது, 25 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாயு சில சீலண்டுகளைக் கட்டியாக்கிவிடும், அதனால் வால்வு மேலே இருக்கும்படி வைத்து நிரப்புங்கள். சிலிண்டர் தீர்ந்தால் என்ன செய்வது? அதனால்தான் கைப்பம்பும் கட்டாயம்.

பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. உள்ளே ஒரு பட்டையை வைத்து ட்யூப் போட வேண்டியதுதான். இங்கேதான் பலர் மாட்டுவார்கள்: டயரில் இருபது முப்பது நெருஞ்சி குத்தி நிற்கும், சீலண்ட் அடைத்திருப்பதால் தெரியவே தெரியாது. ட்யூப் போட்ட அடுத்த நிமிடம் அத்தனையும் ட்யூபைக் குத்தும். எனவே ட்யூப் நுழைக்கும் முன் டயரின் உட்பக்கம் முழுவதும் கையுறையால் தடவி, ஒவ்வொரு முள்ளையும் இடுக்கியால் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு பேர் இருப்பது இதற்குத்தான்: ஒருவர் முள் பிடுங்க, மற்றவர் ட்யூபில் கொஞ்சம் காற்றேற்றித் தயாராக வைத்திருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் கடிகாரம் வைத்துப் பழகிப் பாருங்கள்.

செயினை 0.5 சதவீதத் தேய்மானத்தில் மாற்றுங்கள். அதைத் தாண்டினால் செயின் கேசட்டை (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) தின்னத் தொடங்கும், கேசட் விலை செயினைப்போலப் பல மடங்கு. புதுச் செயினைப் போட்டிக்கு முந்தைய இரவில் போடாதீர்கள், இரண்டு மூன்று ஓட்டம் முன்பே போட்டுப் பாருங்கள். பழைய பற்களில் புதுச் செயின் வழுக்கினால் அப்போதே தெரிந்துவிடும். தூசிக்கு மெழுகு வகை செயின் எண்ணெய் நல்லது, ஆனால் அதை முந்தைய இரவே செயினில் ஊற்ற வேண்டும், காலையில் ஊற்றினால் மெழுகு படியும் முன்பே தூசி ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரப்பல் எண்ணிக்கை அல்ல, மிதிக்கட்டைப் பற்சக்கரத்தில் 32 பல், பின் கேசட்டில் 10-51 அல்லது 10-52 பல் போதும். உங்களுக்கு மட்டும் 30 போடுங்கள். ஏழாவது நாள் ஏற்றத்தில் நன்றி சொல்வீர்கள்.

பிரேக் பேடு: மழைச் சேற்றில் ரெசின் பேடு ஒரே நாளில் தகடு வரை தேய்ந்துவிடும். உலோகப் பேடு போட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி உதிரியாக வையுங்கள். புதுப் பேடை இருபது முறை மெதுவாக அழுத்திப் பழக்காமல் நீண்ட இறக்கத்துக்குப் போகாதீர்கள். ஃபோர்க்கின் (முன்சக்கர சஸ்பென்ஷன்) கீழ்க்கால் சர்வீஸை அதைத் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் கம்பெனி 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்கிறது. எபிக் மட்டுமே உங்களுக்கு 50 மணி நேரத்தை நெருங்கும், ஆகவே பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. தினமும் சைக்கிள் கழுவும்போது அழுத்தத் தண்ணீரை பேரிங் இருக்கும் இடங்களில் நேராகப் பாய்ச்ச விடாதீர்கள்.

சாப்பாடு. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. தண்ணீர். 90 கிராம் முதல் நாளே வயிற்றுக்குள் போகாது, நவம்பரிலிருந்தே நீண்ட ஓட்டங்களில் 60, 70 என்று பழக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களில் உப்புப் போட்ட அவித்த உருளைக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள், நான்காம் மணிக்குப் பிறகு சர்க்கரை ஜெல் பலருக்கு இறங்காது. ஓட்டி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஒரு பெரிய சாப்பாடு. தயிர்சாதம் இதற்கு எந்தப் பவுடருக்கும் குறைந்ததல்ல, கொஞ்சம் முட்டையோ கோழியோ சேர்த்துக்கொண்டால்.

எபிக்கில் வயிற்றுப்போக்கு பல அணிகளை வீட்டுக்கு அனுப்பும். பாதை மாட்டுப் பண்ணைகள் வழியே போகிறது, முன்சக்கரம் தெறிக்கும் சேறு பாட்டில் வாயில் படிகிறது, அதையே கடித்துக் குடிக்கிறோம். மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள், இல்லாவிட்டால் குடிக்கும் முன் கொஞ்சம் பீய்ச்சித் துப்புங்கள். கூடாரத்தில் கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள். இன்னொரு எதிரி தொடை இடுக்குப் புண். ஆளுக்குக் குறைந்தது நான்கு பிப் ஷார்ட்ஸ் (தோள்வார் வைத்த சைக்கிள் கால்சட்டை) வேண்டும், ஓட்டி முடித்ததும் உடனே கழற்றிக் குளியுங்கள், ஈரமாக உட்கார்ந்து கதை பேசாதீர்கள்.

புரோலாக்கைச் சும்மா ஓட்டிவிடாதீர்கள். அடுத்த நாள் எந்தக் குழுவில் கிளம்புவீர்கள் என்பது அதைப் பொறுத்தது. பின்குழுவில் மாட்டினால் குறுகிய தடங்களில் வரிசையில் நின்று நடக்க வேண்டிவரும், தூசியும் முழுக்க உங்களுக்குத்தான்.

டிரான்ஸ் பாவியான்ஸுக்குக் கணக்கே வேறு. அமெச்சூர் அணிக்குக் கடைசிப் பகுதி இருட்டில்தான், ஆகஸ்ட் குளிரில். ஹேண்டில்பாரில் 1,000 லூமென் விளக்கு ஒன்று, ஹெல்மெட்டில் சிறியது ஒன்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அட்டையில் போட்ட நேரத்தில் முக்கால் பங்கைத்தான் நம்பலாம். ஏற்றத்தில் ஒருவர் விளக்கை மட்டும் எரியவிட்டு மற்றவர் அணைத்து வைத்தால் இறக்கத்துக்கு மிஞ்சும். காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் முன்கூட்டியே பாதி வழிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.